பள்ளி மண்டபத்தில் ஒலித்த நாதசுரம்

தைப்பூசத்திற்கு முதல் நாள் வைகறைப் பொழுதில் ஜோர்ஜ் டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும் காட்சியைக் கண்டவர்கள் அதனை ஆயுள் உள்ளவரை மறப்பதில்லை. 1894ஆம் ஆண்டில் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த இரதம் அது. மேளமும் நாதசுரமும் முன்னே செல்ல, காளைகள் பூட்டிய இரதத்தில் தண்டாயுதபாணிப் பெருமான் நகர்வலம் வருவார். வழிநெடுகிலும் சிதறுதேங்காய்கள் மலையெனக் குவியும். தமிழர்களோடு சீன அன்பர்களும் பக்தியுடன் தேங்காய் உடைப்பார்கள். தண்ணீர்மலைச் சாலையிலுள்ள நகரத்தார் ஆலயத்தை இரதம் சென்றடைய இரவாகிவிடும்.

இந்தப் பெருவிழாவில் நம் கண்கள் இயல்பாகவே இரதத்தின் மீதும் காவடிகள் மீதும் படிகின்றன. சற்றே திரும்பி, வழியோரத்தையும் பார்க்க வேண்டுகிறேன். தண்ணீர்ப் பந்தலில் மோரும் பானகமும் வார்த்துக் கொடுக்கும் கைகள் யாருடையவை? காவடிக்கு முன்னே உறுமியை முழக்கிச் செல்லும் கைகள் யாருடையவை? அவற்றுள் பல, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையிலான இடைநிலைப் பள்ளி மாணவர்களின் கைகள். ஆண்டு முழுவதும் இந்தப் பிள்ளைகளின் செவிகளில் விழும் இசை எது? அவர்கள் பள்ளியில் கொண்டாடும் விழா எது? புராணக் கதைகளை அவர்கள் எங்கிருந்து அறிகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பது ஆலயத்தை நேசிக்கும் நம் அனைவரின் கடமையாகும்.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே பயிலும் குழந்தைக்குப் பொங்கலும் கலைமகள் விழாவும் பள்ளி வாழ்வோடு ஒன்றியவை. மூதுரையையும் திருக்குறளையும் மனனம் செய்து வளரும் குழந்தை, ஆறாம் ஆண்டு முடிந்ததும் வேறோர் உலகத்திற்குள் நுழைகிறது. நாட்டில் தமிழ் இடைநிலைப் பள்ளி இல்லை. மலாய்மொழி வழியே பாடங்கள் நடைபெறும் தேசிய இடைநிலைப் பள்ளியில், மலாய், சீன மாணவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து நம் பிள்ளைகள் கற்கிறார்கள். அது நல்லதே. இந்நாட்டின் ஒற்றுமை அங்கேதான் வேரூன்றுகிறது.

ஆயினும் தமிழின் நிலை அங்கே மாறிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதனை அடியொற்றி வந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அமைத்த வழிமுறையின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம். அந்த வகுப்பு பல பள்ளிகளில் பாட நேரத்திற்குப் பின்னரே நடைபெற்று வந்திருக்கிறது. மற்ற மாணவர்கள் பேருந்து ஏறிவிட்ட நேரத்தில், பசித்த வயிற்றோடு அமர்ந்து தமிழ் படித்த தலைமுறைகள் உண்டு. அவர்களுக்குத் தமிழ் என்பது பாடமாக மட்டும் இருக்கவில்லை. தமிழ்மொழிக் கழகம் நடத்திய விழா, பாட்டு, நாடகம், படக்காட்சி ஆகியவையே தமிழாக இருந்தன.

புத்தகம் அடுக்கிய மேடை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பயின்ற பள்ளியிலும் அப்படியொரு கழகம் இருந்தது. ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள் எங்களுடையவை. தை பிறந்ததும் பள்ளித் திடலின் ஓரத்தில் பொங்கல். நவராத்திரியின்போது கலைமகள் விழா. தீபாவளியை ஒட்டி ஒரு கலை நிகழ்ச்சி. இவற்றுள் கலைமகள் விழாவிற்குத் தனிச் சிறப்பு இருந்தது. எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் காலமாதலால் ஐந்தாம் படிவ மாணவர்கள் எவரும் சொல்லாமலே வந்துவிடுவார்கள். கணக்குப் புத்தகமும் இயற்பியல் புத்தகமும் கலைமகள் படத்தின் முன் அடுக்கப்படும். அவற்றின் மேல் எங்கள் சீன நண்பர்கள் சிலரும் தங்கள் எழுதுகோல்களைப் பணிவோடு வைத்துச் செல்வதுண்டு. தேர்வு அச்சம் எல்லா இனத்தவருக்கும் பொதுவன்றோ!

விழா நாட்களுக்கும் பள்ளி நாட்களுக்கும் உள்ள உறவு எப்போதும் இழுபறியானது. தைப்பூசத்தன்று பினாங்கில் பொது விடுமுறை உண்டு. ஆனால் இரதம் புறப்படும் முதல் நாள் விடுமுறையன்று. பள்ளி மணி அடித்ததும் சீருடையோடு ஓடிவந்து, இரதம் எந்தத் தெருவில் வருகிறது என்று விசாரித்தறிந்து சேர்ந்துகொள்வோம். அந்நாளில் கல்வியாண்டு சனவரியில் தொடங்கியதால், புதிய வகுப்பின் புதுப் புத்தக மணமும் விபூதி மணமும் ஒன்றாகவே நினைவில் நிற்கின்றன. 2022இல் தொடங்கிச் சில ஆண்டுகள் கல்வியாண்டு மார்ச்சு மாதத்திற்கு நகர்ந்தபோது, தைப்பூசம் ஆண்டின் கடைசிப் பாடங்களுக்கிடையே வந்தது. 2026இல் அது மீண்டும் சனவரிக்குத் திரும்பியிருக்கிறது. நாட்காட்டி எப்படி மாறினாலும் பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

திரையில் வந்த புராணம்

இப்போது படக்காட்சிக்கு வருவோம். இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் திடலில் திரை கட்டிப் படம் காட்டும் வழக்கம் மிகப் பழையது. 1946ஆம் ஆண்டில் தோற்றம் பெற்ற மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப் படங்கள், தகவல் இலாகாவின் வாகனங்களில் ஏறிக் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. தோட்டத்துத் திடல்களில் பதினாறு மில்லிமீட்டர்ச் சுருளில் தமிழ்ப்படம் ஓடும் இரவு, சிறு திருவிழாவாகவே இருக்கும். பாய் விரித்து, கடலை கொறித்து, குழந்தைகளை மடியில் கிடத்திப் படம் பார்த்த தாய்மார்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. பிறகு வீடியோ ஒளிநாடா வந்தது. ஆயினும் பலர் கூடி ஒரே திரையைப் பார்க்கும் இன்பம் குறையவில்லை.

அக்காலத்துத் தமிழ்த் திரையுலகம் பக்திக் கதைகளை வாரி வழங்கியது. 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த "நந்தனார்", 1953இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த "ஔவையார்", பின்னர் ஏ.பி. நாகராசன் இயக்கிய "திருவிளையாடல்" (1965), "சரஸ்வதி சபதம்" (1966), "கந்தன் கருணை" (1967) என்று அந்த வரிசை நீளும். தமிழகத்தை ஒருநாளும் காணாத பினாங்குப் பிள்ளைக்கு நக்கீரரையும் சூரபதுமனையும் அறிமுகப்படுத்தியவை இந்தப் படங்களே என்றால் அது மிகையன்று.

எங்கள் கழகமும் ஒருமுறை பள்ளி மண்டபத்தில் "சரஸ்வதி சபதம்" காட்டியது. கட்டணம் ஒரு வெள்ளி. நூலகத்திற்குத் தமிழ்ப் புத்தகம் வாங்குவதே நோக்கம். வாடகைக்கு எடுத்த கருவி, வாடகைக்கு எடுத்த சுருள்கள். கல்வியா, செல்வமா, வீரமா, எது பெரிது என்று மூன்று தேவியரும் வாதிடும் கதை உச்சத்தை நெருங்கும் வேளையில், அடுத்த சுருளுக்குப் பதிலாக அதற்கடுத்த சுருள் மாட்டப்பட்டுவிட்டது. மண்டபம் முழுவதும் கூச்சல். விளக்கு போடப்பட்டது. சரியான சுருளைத் தேடி எடுத்து, சுற்றி, மாட்டக் கால்மணி நேரமாயிற்று.

அந்தக் கால்மணி நேரத்தில் எங்கள் தமிழாசிரியர் மேடையேறினார். விட்டுப்போன கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். தமிழில் சொல்லி, வந்திருந்த மலாய், சீன மாணவர்களுக்காக மலாயிலும் சொன்னார். கல்வியுடையவன் செல்வத்தை மதிக்க வேண்டுவதேன், வீரம் இல்லாதபோது மற்ற இரண்டும் எப்படி நிலைகுலையும் என்று எங்களையே கேள்வி கேட்டு விடை வாங்கினார். பின்னர் படம் தொடர்ந்தது. அந்த இரவை இன்று எண்ணிப் பார்க்கும்போது, திரையில் கண்ட காட்சிகளுள் பாதி மங்கிவிட்டது. ஆசிரியர் பேசிய கால்மணி நேரம் மட்டும் மங்கவில்லை. படம் கதையைக் காட்டியது. கதையின் பொருளை எங்களுக்குள் இறக்கியவர் அருகில் நின்ற மனிதர்.

திரை வழியே வந்த குழல்

இசைக்கும் இதே நிலைதான். நாதசுரம் ஆலயத்திற்கு உரியது. ஆச்சா மரத்தில் கடைந்த உடலும், நாணலில் செய்த சீவாளியும் கொண்ட அந்தக் கருவியை ஊதி ஒலியெழுப்பப் பழகவே மாதங்கள் ஆகும். பலா மரத்தில் குடைந்த தவிலின் ஒரு முகத்தை விரல்களில் கூடு மாட்டியும், மறுமுகத்தைக் கழியாலும் வாசிப்பார்கள். சுவாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டை இராகத்தில் மல்லாரி முழங்கினால், தெருக்கோடியில் நிற்பவனும் பெருமான் எழுந்தருளிவிட்டார் என்று அறிந்துகொள்வான். இது ஆலய மரபு.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளில் பலர் நாதசுரத்தை முதலில் காது கொடுத்துக் கேட்டது திரைப்படத்தில்தான். 1962இல் வந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் குழலும் எஸ். ஜானகியின் குரலும் போட்டியிட்ட பாடல், கடல் கடந்த தமிழர் இல்லங்களிலெல்லாம் ஒலித்தது. 1968இல் வந்த "தில்லானா மோகனாம்பாள்" படத்தில் சிவாஜி கணேசனின் விரல்களுக்குப் பின்னால் ஒலித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரை ஆலய இசையைக் கெடுத்துவிட்டது என்று சிலர் குறைபடுவதுண்டு. ஒருவகையில் திரைதான் அதனைப் பாமரனின் வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்த்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு தீபாவளி நிகழ்ச்சிக்கு ஆலயத்து நாதசுர வித்துவான் ஒருவரை எங்கள் ஆசிரியர் பள்ளிக்கு அழைத்து வந்தார். அவர் மல்லாரி தொடங்கினார்; மண்டபத்தில் சலசலப்பு. பெரியவர் சிரித்துக்கொண்டே நிறுத்தி, நாங்கள் அறிந்த திரைப்பாடல் ஒன்றை வாசித்தார். மண்டபம் ஆர்ப்பரித்தது. பாட்டு முடிந்ததும், அந்த மெட்டு எந்த இராகத்தில் பிறந்தது என்று சொல்லி, அதே இராகத்தைச் சிறிது நேரம் விரித்து வாசித்தார். இறுதியில் மீண்டும் மல்லாரிக்கு வந்தார். இம்முறை ஒருவரும் பேசவில்லை. பள்ளியின் பித்தளை வாத்தியக் குழுவில் எக்காளம் வாசித்த சீன மாணவன் ஒருவன் மேடையருகே சென்று, இவ்வளவு நீண்ட மூச்சை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டு நின்றது இன்றும் கண்முன் நிற்கிறது.

பினாங்கு மண்ணின் பாடம்

இசையும் திரையும் இனம் பார்ப்பதில்லை என்பதற்குப் பினாங்கே சான்று. 1929இல் இத்தீவில் பிறந்து, 1816இல் நிறுவப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்றவர் கலைஞர் பி. ரம்லி. சப்பானியர் ஆட்சியால் அவரது படிப்பு இடையில் தடைப்பட்டது. ஆனால் இசை தடைப்படவில்லை. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடுவதைக் கேட்டுத் திரையுலகிற்கு அழைத்துச் சென்றவர் இந்தியரான இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் "பக்தி" என்னும் மலாய்ப் படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர், தமிழகத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த இயக்குநர் எல். கிருஷ்ணன். ஒரு பள்ளி மாணவனின் இசையார்வத்தைத் தக்க நேரத்தில் ஒருவர் கண்டு கைதூக்கிவிட்டதால் நாட்டிற்கு ஒரு பெருங்கலைஞர் கிடைத்தார். நம் ஆலய இசையில் ஆர்வமுள்ள மாணவனை யார் கண்டு கைதூக்கிவிடுகிறார்கள்?

உறுமியும் ஒலிபெருக்கியும்

இன்றைய மாணவனின் இசை உறுமிமேளம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து, மறுமுகத்தை அடித்து எழுப்பும் அதன் ஒலி, கிராம தெய்வ வழிபாட்டோடு தோட்டங்களுக்கு வந்து, இன்று நாடெங்கும் இளைஞர் குழுக்களாக வளர்ந்திருக்கிறது. அவர்களுக்கு எவரும் சம்பளம் கொடுத்துக் கற்பிக்கவில்லை. மூத்தவனைப் பார்த்து இளையவன் கற்றான். இந்த ஆர்வத்தை நாம் குறைவாக மதிப்பிடக் கூடாது.

அதே நேரத்தில் தைப்பூசப் பந்தல்களில் ஒலிபெருக்கி அலறுவதும், பக்திக்குப் பொருந்தாத திரைப்பாடல்கள் ஒலிப்பதும் ஆண்டுதோறும் முறையீடாகி வருகின்றன. பக்திப் பாடல்களே ஒலிக்க வேண்டும் என்று பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் மலேசிய இந்து சங்கமும் வலியுறுத்தி வருகின்றன. அந்த வேண்டுகோள் நியாயமானது. ஆனால் தடை மட்டும் போதுமா? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு "இதைப் பாடாதே" என்று சொல்லும் நாம், "இதைப் பாடு" என்று எதனைக் கற்றுக் கொடுத்திருக்கிறோம்? தேவாரப் பண்ணை அவன் எங்கே கேட்டான்? காவடிச் சிந்தின் தாளத்தை அவனுக்கு யார் தட்டிக் காட்டினார்கள்?

மதிப்பெண் இல்லாத மேளம்

என்னோடு படித்த நண்பன் ஒருவன் தவில் கற்றான். ஆலயத்தில் மாலைப் பூசைக்கு வாசிக்கும் அளவிற்குத் தேறியும் இருந்தான். நான்காம் படிவத்தில் தேர்வு நெருங்கியதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவன் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. தவிலுக்குச் சான்றிதழ் இல்லை, வேலையும் உறுதியில்லை. இன்றைய நிலையும் அதுவே. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைக்கு நூற்றுக்குப் பத்து விழுக்காடு உண்டு. பள்ளியின் வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுபவனுக்கு அதில் எளிதாக இடம் கிடைக்கிறது. ஆலயத்தில் தவில் தட்டுபவனின் உழைப்பு பள்ளியின் பதிவேட்டில் ஏறுவது அரிது.

இதன் விளைவு என்ன? நம் ஆலயங்கள் பலவற்றில் நாதசுரமும் தவிலும் வாசிப்பவர்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை அனுமதி பெற்று வருபவர்கள். அவர்களுடைய கலைக்கு நாம் தலை வணங்குகிறோம். எனினும் அனுமதி கிடைக்கத் தாமதமாகும்போதெல்லாம் விழாக் குழுவினர் தவிப்பதை நாம் அறிவோம். 2012இல் குடமுழுக்குக் கண்ட தண்ணீர்மலை உச்சி ஆலயத்திற்கு 513 படிகள் ஏறிச் செல்கிறோம். 2017 முதல் தங்க இரதமும் வலம் வருகிறது. கல்லிலும் பொன்னிலும் நாம் குறை வைக்கவில்லை. அந்த இரதங்களுக்கு முன்னே நின்று மல்லாரி வாசிக்க இம்மண்ணில் பிறந்த பிள்ளை ஒருவனை உருவாக்குவதில்தான் குறை வைத்திருக்கிறோம்.

புரவலர்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஆலயப் புரவலர்களும் நிர்வாகிகளும் மனம் வைத்தால் இக்குறை நீங்கும். பெருஞ்செலவு தேவையில்லை.

முதலாவதாக, ஒவ்வோர் ஆலயமும் அருகிலுள்ள ஓர் இடைநிலைப் பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தோடு உறவு கொள்ளலாம். பொங்கலுக்கும் கலைமகள் விழாவிற்கும் ஆலயத்து ஓதுவாரையும் நாதசுரக் கலைஞரையும் பள்ளி நிர்வாகத்தின் இசைவோடு ஒரு மணி நேரம் அனுப்பி வைக்கலாம். ஆலயத்தில் ஏற்கெனவே பணிபுரியும் கலைஞருக்கு இது கூடுதல் சுமையாகாது; சிறு சன்மானம் அளித்தால் அவர் மனமும் நிறையும்.

இரண்டாவதாக, வார இறுதியில் ஆலய மண்டபத்திலேயே தவில், நாதசுர வகுப்பு தொடங்கலாம். பந்தலுக்கு நன்கொடை வழங்கும் அன்பர்கள் ஓராண்டு ஒரு தவிலோ இரண்டு நாதசுரமோ வாங்கித் தரட்டும். கற்கும் மாணவருக்கு முறையான பயிற்சிச் சான்றிதழ் வழங்கி, அதனைப் பள்ளியின் புறப்பாடப் பதிவில் சேர்த்துக்கொள்ளுமாறு தலைமையாசிரியரை அணுகலாம். உறுமிக் குழுப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாமல் இந்த வகுப்பிற்கு முதலில் அழைக்க வேண்டும். தாளம் அவர்கள் கைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவதாக, நவராத்திரியின் ஒன்பது இரவுகளில் ஓர் இரவைப் படக்காட்சிக்கு ஒதுக்கலாம். இன்று சுருளும் இல்லை, சுருள் மாற்றும் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் கைப்பேசியில் தனித்தனியே படம் பார்க்கிறது. அதனால்தான் பலர் கூடி ஒன்றாகப் பார்ப்பது முன்னைவிட இன்றியமையாததாகிறது. ஆனால் படத்தை இடையில் நிறுத்திவிட்டு, கதையின் பொருளைப் பேச ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். அன்று சுருள் மாறியதால் எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த கால்மணி நேரத்தை இன்றைய பிள்ளைகளுக்கு நாம் வேண்டுமென்றே தரலாம்.

நான்காவதாக, இரதம் செல்லும் வழியில் ஒரு பந்தலையேனும் மாணவர்களின் பாடலுக்கென ஒதுக்கலாம். பதிவு செய்த பாடலைப் போட்டு ஒலிபெருக்கியைத் திறந்துவிடுவதற்குப் பதிலாக, திருமுறை ஓதும் போட்டிகளில் பரிசு பெறும் மாணவர்கள் அங்கே அமர்ந்து பாடட்டும். தேங்காய் உடைக்க வரும் சீன அன்பரும் நின்று கேட்பார்.

தவிலை நிறுத்திய நண்பன் இன்று நல்ல பதவியில் இருக்கிறான். ஆண்டுதோறும் தைப்பூசத்திற்குத் தவறாமல் வருகிறான். இரதம் அருகில் வரும்போது அவனைக் கவனித்திருக்கிறேன். கைகள் கூப்பியிருக்கும், விரல்கள் மட்டும் தாளத்திற்கேற்ப மெல்ல அசைந்துகொண்டிருக்கும். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அவ்விரல்கள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு இரதம் புறப்படும்போது, நம் பிள்ளைகளின் விரல்களில் அந்தத் தாளம் ஒலியாகவே பிறக்கட்டும். தண்ணீர்மலையான் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக!